கறுப்பு மைவிக்குக் கையால் பாலிஷ்: சுங்கை சிப்புட் தங்கச்சிக்கு ஒரு விரிவான பதில்

தங்கச்சி, கேள்வியை நானே ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விவரம் தெரியட்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) வீடு. ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய கறுப்பு மைவிக் காடியை (காரை) வாங்கியிருக்கிறீர்கள். நிழலில் குறையில்லை. வெயிலில் நிறுத்தினால் பானெட்டிலும் கூரையிலும் சிலந்தி வலை விரித்த மாதிரி கீறல்கள். செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சைப் போடக் கடையில் கேட்ட விலை கட்டுப்படியாகவில்லை. மிஷின் இல்லாமல் கையாலேயே சரிசெய்ய முடியுமா, முடியுமென்றால் எந்தப் பாலிஷ் வாங்குவது என்று கேட்கிறீர்கள்.

முடியும். பார்த்தவர்கள் "சாயம் அடித்தீர்களா?" என்று கேட்கும் அளவுக்குத் தேறும். எல்லாக் கீறலும் போய்விடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். எந்தப் பாலிஷ் என்பதைப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் அது முக்கியத்தில் மூன்றாவதோ நான்காவதோதான். அந்த மெல்லிய கீறல்களில் பெரும்பாலானவை ரோட்டில் விழுந்தவை அல்ல. கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவை. கழுவுகிற பழக்கம் மாறாமல் பாலிஷ் போட்டால் கொஞ்ச நாளில் அதே வலை திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். அதற்குள் காடியின் மேல்பூச்சில் ஒரு பங்கு தேய்ந்தும் போயிருக்கும்.

அந்த மேல்பூச்சு எவ்வளவு சன்னமானது என்பது தெரிந்தால் கை தானாகவே மெதுவாகும். தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதற்கு மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நான்கும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) இருக்கும். கிளியர் கோட் மட்டும் என்றால் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நீங்கள் பார்க்கும் கீறல்கள் அந்தக் கிளியர் கோட்டில் இருக்கின்றன, கறுப்பு நிறம் அதற்குக் கீழே பத்திரமாகவே இருக்கிறது. பாலிஷ் போடுவது என்றால் கீறலைச் சுற்றியுள்ள பரப்பைச் சன்னமாகத் தேய்த்துச் சமமாக்குவது. அப்படித் தேய்ந்தது திரும்ப வளராது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நிறத்தைக் காப்பாற்றுவதும் அதே கிளியர் கோட்தான். பழைய காடிகளின் கூரை வெளுத்து, தோல் உரிந்த மாதிரி நிற்பதை நம் பட்டணத்தில் நிறையப் பார்த்திருப்பீர்கள். கிளியர் கோட் விட்டுப்போன காடிகள் அவை. அந்த நிலைக்கு வந்ததைப் பாலிஷ் மீட்காது, ஸ்பிரே பட்டறைதான் வழி.

இன்னொன்று. கீறல்கள் வட்டமாகத் தெரிவதால் வட்டமாகத் தேய்த்ததால்தான் வந்தன என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை எல்லாத் திசையிலும் ஓடும் சின்னச் சின்ன நேர்கோடுகள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, வெளிச்சத்தைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் கோணத்தில் இருப்பவை மட்டும் மின்னுகின்றன. அதனால் வட்டமாகத் தெரிகிறது. நீங்கள் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும், கவனித்துப் பாருங்கள். வெள்ளைக் காடியிலும் இதே கீறல்கள் உண்டு, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது நம் ஊர்த் தூசியைப் பற்றி. இது எந்தப் பாலிஷ் டப்பாவின் பின்பக்கத்திலும் எழுதியிருக்காது. தோட்டத்து ரோட்டில் பறக்கும் செம்மண்ணில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. கண்ணாடியைக்கூடக் கீறிவிடும், கிளியர் கோட் அதற்கு எம்மாத்திரம்? ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் கல் உடைக்கும் குவாரி லோரிகள் கிளப்பும் வெள்ளைத் தூசி கால்சைட், அதன் கடினம் 3. அது அவ்வளவாகக் கீறாது. ஆனால் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தால் வெள்ளைத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். செம்பனை ஆலை பக்கத்தில் இருந்தால் கொதிகலனில் செம்பனை நாரும் கொட்டை ஓடும் எரிந்து வரும் கரித்துகள் விழும். ஆண்டின் நடுவில் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் சாம்பலும் சேரும். ஆகவே உலர்ந்த காடியை உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது. வாசலில் தொங்கும் கோழி இறகுத் துடைப்பத்தால் தினமும் காலையில் தட்டுவதையும் இன்றோடு நிறுத்துங்கள். அக்கறையோடு செய்வதுதான், ஆனால் அந்த இறகு செம்மண்ணைப் பானெட் முழுக்க இழுத்துக்கொண்டு போகிறது.

கழுவுவதற்குக் காலையில் பசியாறுவதற்கு முன்பே இறங்குங்கள், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. பானெட்டில் கை வைத்தால் சூடு இருக்கக் கூடாது. முதலில் சோப்பே இல்லாமல் பைப் தண்ணீரை மேலிருந்து கீழே நன்றாக அடியுங்கள். சக்கர வளைவுகளிலும் பம்பரின் அடியிலும் சற்றுக் கூடுதலாக. ஒட்டியிருக்கும் மண்ணில் எவ்வளவு தண்ணீரோடு போகிறதோ அவ்வளவு கீறல் மிச்சம். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு வாளியில் முக்கி, கூரையிலிருந்து தொடங்கி நேர்கோட்டில், கையின் எடை மட்டும் போதும் என்கிற மாதிரி ஓட்டுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். முடிக்கும்போது அந்த வெறும் தண்ணீரின் அடியைப் பாருங்கள். படிந்திருக்கும் மண் எல்லாம் ஒரே வாளியாக இருந்திருந்தால் பானெட்டில்தான் தேய்ந்திருக்கும். கதவுகளின் கீழ்ப்பாதியும் பம்பரும் கடைசியில், முடிந்தால் வேறொரு கையுறையால். சக்கரத்துக்கு எப்போதும் தனித் துணி.

ஷாம்பு என்றால் காடிக்கென்று விற்கும், பிஎச் நடுநிலை (அமிலமும் காரமும் இல்லாத) ஷாம்புதான். துணி துவைக்கும் தூள் காரமானது, பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பசையை எடுப்பதற்கென்றே செய்தது. இரண்டுமே வேக்ஸைக் கழற்றிவிடும். முதல் முறை, பாலிஷ் போடப் போகும் நாளில் மட்டும் பாத்திரத் திரவம் பரவாயில்லை, பழைய வேக்ஸ் போகட்டும். வழக்கமாக்க வேண்டாம்.

துடைப்பதிலும் நிறையக் காடிகள் கெட்டுப்போகின்றன. பழைய டீ-சட்டை, குளிக்கும் துண்டு, கைலித் துணி எதுவும் வேண்டாம். தடித்த மைக்ரோஃபைபர் துண்டைப் பானெட்டில் விரித்துப் போட்டு, மெதுவாகத் தட்டி, தண்ணீர் உறிஞ்சியதும் தூக்குங்கள். இழுக்க வேண்டியதில்லை. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கட்டுக் கட்டாக விற்கும் துணியும் உதவும், ஆனால் ஓரத்தில் தைத்திருக்கும் கெட்டி நூலையும் பெயர்ச்சீட்டையும் வெட்டி எடுத்துவிடுங்கள், அவையும் கீறும். துணி தரையில் விழுந்தால் அது அன்றைக்குச் சக்கரத் துணி. மறுபடி சாயத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

கிணற்று நீரோ போரிங் தண்ணீரோ பயன்படுத்தினால் தானாகக் காயவே விடாதீர்கள். சுண்ணாம்புப் பாறை நாட்டுத் தண்ணீரில் கால்சியம் அதிகம், அதுதான் வட்டத் திட்டாக நிற்கிறது. புதிய திட்டாக இருந்தால் வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, துணியை நனைத்து ஒரு நிமிடம் திட்டின் மேல் போட்டு வைத்துவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். அதற்கும் போகாதது கிளியர் கோட்டை அரித்து உள்ளே இறங்கிவிட்டது, பாலிஷில் பார்க்கலாம்.

கழுவித் துடைத்த பானெட்டின் மேல், கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குத் தெரியும். அது ஒட்டிக்கொண்ட அழுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி உண்டு. தார்ப் புள்ளிகளுக்குத் தார் நீக்கி. துணியில் நனைத்து வைத்து, இளகியதும் துடைத்தெடுக்க வேண்டும். பால்மரத்தடியில் (ரப்பர் மரத்தடியில்) நிறுத்தியோ ஒட்டுப்பால் ஏற்றிய லோரிக்குப் பின்னால் போயோ கித்தாப்பால் (ரப்பர் பால்) தெறித்திருந்தால், நகத்தால் சுரண்டாதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து விரல் நுனியால் உருட்டினால் பெரும்பகுதி சுருண்டு வரும். மிச்சத்துக்கு அதே தார் நீக்கி போதும், ரப்பர் அந்த மாதிரிக் கரைப்பானில் ஊதி இளகிவிடும். பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் வரும் இரும்புத் துகள் சாயத்தில் குத்தி நின்று பழுப்புப் புள்ளியாகத் தெரியும். இரும்பு நீக்கும் திரவம் தெளித்தால் அந்த இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். கந்தக நாற்றம் அடிக்கும், காற்றோட்டத்தில் செய்யுங்கள், கையுறை போடுங்கள், காய்வதற்குள் கழுவிவிடுங்கள்.

அதற்குப் பிறகும் சொரசொரப்பு இருந்தால் கிளே பார், ஒட்டிய அழுக்கைப் பிடித்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி. மென்மையான ரகம் வாங்குங்கள். மூன்றாக வெட்டி ஒரு துண்டை உள்ளங்கையில் தட்டையாக்கி, ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அந்த ஈரத்தின் மேல் வழுக்கவிடுங்கள். முதலில் கரகரவென்று கேட்கும், பிறகு சத்தம் அடங்கும். சத்தம் அடங்கினால் அந்த இடம் சுத்தம். அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்துகொண்டே போங்கள். கீழே விழுந்த கிளேயை யோசிக்காமல் குப்பையில் போடுங்கள், ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் போதும், நீளக் கோடு போட்டுவிடும். கிளே பாரே லேசான தேய்ப்புக் குறிகளை விட்டுப்போகும் என்பதால் பாலிஷ் போடப் போகும்போது மட்டும் செய்யுங்கள்.

இனிப் பாலிஷ். பொதுவாக இரண்டு வகை. வெட்டும் வேகம் கூடியது கம்பவுண்ட், குறைந்தது பாலிஷ். "கிளீனர் வேக்ஸ்" என்று ஒன்றும் இருக்கிறது, கொஞ்சம் தேய்த்து நிறைய மறைக்கும். உங்கள் நிலைக்கு முதலில் மெல்லிய பாலிஷ் ஒன்று, அது போதாத இடத்துக்கு மட்டும் ஒரு சன்னமான கம்பவுண்ட். கையால் போட மெகுயர்ஸ் அல்டிமேட் கம்பவுண்ட் மாதிரியானது வசதி. அதன் தேய்ப்புத் துகள்கள் மிகச் சிறியவை, கையின் வேகத்துக்கும் வேலை செய்யும். மிஷினுக்கென்று செய்த சில கம்பவுண்டுகளின் துகள் தேயத் தேய உடைந்து சன்னமாக வேண்டும். கையால் அந்த அளவுக்குத் தேய்க்க முடியாமல் மங்கலாக நின்றுவிடும். வாங்கும்போது கையால் போடலாம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பற்பசை போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். அதில் இருக்கும் துகள் பல்லுக்குக் கணக்கிட்டது.

வாங்கியதும் காடி முழுவதும் பூசத் தொடங்கிவிடாதீர்கள். பானெட்டின் நடுவில் ஒன்றரை அடிச் சதுரம் மட்டும் மாஸ்கிங் டேப்பால் கட்டுங்கள். நுரைப் பஞ்சு அப்ளிகேட்டரில் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு. முதலில் அழுத்தாமல் சதுரம் முழுவதும் பரப்புங்கள். பிறகு நான்கு விரலையும் தட்டையாக வைத்து மிதமான அழுத்தத்தில் மேலும் கீழுமாக ஒரு சுற்று, இடமும் வலமுமாக ஒரு சுற்று, ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறும்படி. வட்டமாக வேண்டாம். நேர்கோட்டில் தேய்த்தால் மிச்சம் நிற்கும் குறிகூட ஒரு பக்க வெளிச்சத்தில்தான் தெரியும். ஒற்றை விரலால் அழுத்தினால் அங்கே மட்டும் குழி மாதிரி தேயும். ஒன்றிரண்டு நிமிடத்தில் பாலிஷ் ஈரம் குறைந்து கண்ணாடி மாதிரிச் சன்னமாகும்போது அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, முற்றிலும் காய்வதற்குள் சுத்தமான மைக்ரோஃபைபரால் துடையுங்கள்.

துடைத்ததும் பளபளக்கும். அதை அப்படியே நம்பாதீர்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் உட்கார்ந்து மறைத்து வைத்திருக்கும், அடுத்த கழுவலில் வெளியே வந்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு கலந்து தெளித்துத் துடைத்துவிட்டு, டேப்பை உரித்து, கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். இப்போது தெரியும் வித்தியாசம்தான் நிஜம். போதும் என்று மனதுக்குப் பட்டால் அதே முறையில் காடி முழுவதும் போங்கள். போதாது என்றால் அதே சதுரத்தில் கம்பவுண்டால் ஒருமுறை, பிறகு பாலிஷால் ஒருமுறை. கம்பவுண்டுக்கும் பாலிஷுக்கும் ஒரே அப்ளிகேட்டரைப் பயன்படுத்தக் கூடாது.

இதில் என் கருத்து ஒன்று. ஒரே நாளில் முழுக் காடியையும் முடிக்க வேண்டாம். தோள் வலித்தால் அழுத்தம் கோணலாகும், கடைசியாகப் போட்ட கதவில் அது அப்படியே தெரியும். ஒரு வார இறுதியில் பானெட், அடுத்ததில் கூரை, பிறகு ஒரு பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் மழை வந்து கெடுக்கும் ஊரில் இது இன்னும் வசதி. வெயில் படும் கிடைப்பரப்புகளான பானெட்டுக்கும் கூரைக்கும் நேரத்தைக் கொடுங்கள். கதவின் கீழ்ப்பாகத்தில் நேரம் செலவழிப்பது வீண்.

கைபடாமல் விட வேண்டிய இடங்களும் உண்டு. கதவின் விளிம்பு, பானெட்டில் ஓடும் மடிப்புக் கோடு, பம்பரின் முனை ஆகியவற்றில் சாயம் இயல்பாகவே மெல்லியதாக நிற்கும். அங்கே அழுத்தாதீர்கள். கறுப்புப் பிளாஸ்டிக், ரப்பர் பட்டைகளின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள், பாலிஷ் காய்ந்தால் வெள்ளையாகப் படிந்து லேசில் போகாது. துடைக்கும் துணியில் கறுப்பு நிறம் ஒட்டிக்கொண்டு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒன்று, அந்தப் பாகத்துக்குக் கிளியர் கோட் இல்லாத மறுசாயம் அடித்திருக்கிறார்கள், அல்லது கிளியர் கோட் தேய்ந்து நிறத்துக்கு வந்துவிட்டீர்கள். பழைய காடி என்பதால் ஏதாவது ஒரு பாகம் மறுசாயமாக இருக்க வாய்ப்புண்டு. சாயம் அடித்து ஒன்றிரண்டு மாதம்கூட ஆகாத பாகமாக இருந்தால் வேக்ஸ் போடாதீர்கள், உள்ளே இருக்கும் கரைப்பான் ஆவியாக வழி வேண்டும்.

நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் கீறல் கையால் போகாது. அதைத் துரத்திக்கொண்டே தேய்த்தால் சுற்றியுள்ள நல்ல பகுதியும் மெலிந்துவிடும். விட்டுவிடுங்கள்.

பாலிஷ் முடிந்த பரப்பு வெறும் பரப்பு, அன்றைக்கே பாதுகாப்புப் போட்டுவிட வேண்டும். கார்னோபா வேக்ஸ் பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் இலையிலிருந்து வருவது. செம்பனைக்கு நடுவில் வாழும் நமக்கு அதுவும் ஒரு பனை என்பது பிடித்தமான செய்தி. 82 முதல் 86 டிகிரி வரை உருகாது, கறுப்பு நிறத்துக்கு அது தரும் ஆழம் தனி. ஆனால் நம் வெயிலுக்கும் மழைக்கும் சில வாரம்தான் தாங்கும். வேக்ஸுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை சீலன்ட் சில மாதம் நிற்கும். தினமும் வெளியே நிற்கும் காடிக்கு நான் சீலன்ட்தான் சொல்வேன். எதுவாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவுக்குச் சன்னமாகப் பூசுங்கள். தடிமனாகப் போட்டால் பாதுகாப்பு அதிகமாகாது, துடைக்கும் வேலைதான் அதிகமாகும். நீங்கள் கேட்ட செராமிக் கோட்டிங்கைக் கையால் போட முடியும் என்றாலும் முதல் வேலையாக வேண்டாம். அடியில் விட்ட கீறலையும் சேர்த்துப் பூட்டிவிடும், தவறாகக் காய்ந்தால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஆயுத பூசைக்கும், புதுக் காடி எடுத்துக் கோயிலுக்குக் கொண்டுபோகும்போதும், பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். வைக்க வேண்டியதுதான். ஆனால் அது வெயிலில் நாள்கணக்கில் காய்ந்து கிடந்து, பிறகு உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கப்படுகிறது, அந்த இடத்தில் ஒரு மங்கல் வட்டம் நிரந்தரமாக நின்றுவிடுகிறது. மஞ்சளாக இருந்தால் வெளிர் நிறக் காடியில் கறையும் பிடிக்கும். பூசை முடிந்த மாலையே ஈரத்துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு, இளகியதும் தேய்க்காமல் தூக்கி எடுங்கள். எலுமிச்சைச் சாறு தெறித்திருந்தால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். பொட்டைக் கண்ணாடியில் வைப்பது இன்னும் நல்லது, குருக்களிடம் சொன்னால் வைத்துக்கொடுப்பார்.

மைனா எச்சத்துக்கும் இதே அவசரம். அதிலிருக்கும் யூரிக் அமிலம், சூடேறி இளகிய கிளியர் கோட்டை ஒரே மதியத்தில் அரித்துவிடும். காடிக்குள் ஒரு தண்ணீர் போத்தலும் சுத்தமான துணியும் எப்போதும் இருக்கட்டும். காடியை நிறுத்த மர நிழலா வெயிலா என்று வந்தால், பறவைகள் அடையும் மரத்தடியைவிட வெயிலே மேல்.

வேலை முடிந்த துணிகளை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாக, திரவ சோப்பில், துணி மென்மையாக்கி ஊற்றாமல் துவைத்து நிழலில் காயவையுங்கள். மென்மையாக்கி அதன் இழைகளில் படிந்து தண்ணீர் உறிஞ்சாமல் செய்துவிடும். நகம் சிக்கும் அந்த ஒன்றிரண்டு கீறலுக்கு, கதவுச் சட்டத்திலோ எஞ்சின் அறையிலோ இருக்கும் தகட்டில் சாயக் குறியீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனால், ஈப்போவில் சாயம் கலந்து விற்கும் கடையில் சின்னக் குப்பியில் போட்டுக் கொடுப்பார்கள். பல்குத்தும் குச்சியின் முனையால் கீறலுக்குள் மட்டும் விடுங்கள், வெளியே வழிய விடாதீர்கள்.